மன்னா, காடை, ஓமர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பசித்ததும், காலைதோறும் தரையில் கிடந்த மன்னா என்ற உணவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு பொறுக்கியதும், இறைச்சிக்குக் காடைப் பறவைகள் வந்ததும் பற்றி யாத்திராகமம் 16, எண்ணாகமம் 11 ஆகிய இரண்டு அதிகாரங்களை வைத்து ஒரு பாடம் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஒன்பதுக்கு இங்கே பதில். கத்தோலிக்க வாசகர்கள் இதே பகுதிகளைத் திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம், எண்ணிக்கை என்ற பெயர்களில் பார்க்கலாம். அதிகாரமும் வசனமும் மாறாது.

ஓமர் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்டால் "ஒரு கிண்ணம்" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். நம்ம ஊர் அளவில் எவ்வளவு வரும்? காடையையும் பத்து ஓமர் சேர்த்தார்கள் என்று படிக்கிறோம். மன்னா ஒன்று, காடை பத்து, அவ்வளவுதானா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, கருங்கல்

கிண்ணத்தில் அடங்காது. "ஓமர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு" என்று யாத்திராகமம் 16:36 கணக்கைக் கையில் கொடுத்துவிடுகிறது. எப்பா என்ற எபிரெய முகத்தல் அளவைச் சுமார் 22 லிட்டர் என்று எடுத்துக்கொள்வதே இன்று பெருவழக்கு. அப்படியானால் ஓமர் 2.2 லிட்டர். சில உரைகள் மூன்றரை லிட்டர் வரை கொண்டுபோகும், வகுப்புக்கு 2.2 போதும். இரண்டு லிட்டர் பாட்டில் நிறைய அரிசி, அதோடு 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் அரிசி. இரண்டையும் ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டிக் காட்டுங்கள். "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கா?" என்று பிள்ளைகளே வாயைப் பிளப்பார்கள்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஓமரைக் கிலோவாக்கிச் சொல்லிவிடுகிறார்கள். நாழி, இடங்கழி போல ஓமரும் முகத்தல் அளவு. 2.2 லிட்டர் அரிசி ஒன்றேமுக்கால் கிலோ அளவுக்கு நிற்கும். அதே பாத்திரத்தில், வேதம் மன்னாவுக்கு உவமை சொல்லும் கொத்துமல்லி விதை ஒரு கிலோகூட நிற்காது. மன்னாவின் எடையை வேதம் எங்கும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

இந்த அளவு தாராளமா, தட்டுப்பாடா என்று ஒப்பிடவும் வழி இருக்கிறது. பாரசீக மன்னன் செர்க்செசின் படைக்கு எவ்வளவு கோதுமை ஆகும் என்று கணக்கிட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கொய்னிக்ஸ் என்று வைத்துக்கொண்டார். அது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். அது போர்வீரனின் பங்கு. மன்னாவிலோ கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. ரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அரைவயிறு நினைவுக்கு வரும். இந்த ரேஷன் அப்படியில்லை.

காடை விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரியானதுதான். எண்ணாகமம் 11:32-இல் வருவது வேறு அளவு. எபிரெயத்தில் மன்னாவின் ஓமர் "அயின்" என்ற எழுத்திலும், காடையின் ஹோமர் "ஹேத்" என்ற எழுத்திலும் தொடங்கும். தமிழில் இரண்டும் ஒரே உச்சரிப்பாகிவிடுகின்றன. ஹோமர் என்பது பத்து எப்பா. அதாவது 100 ஓமர், 220 லிட்டர். திருவிதாங்கூர் காலத்தில் 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. நாழியையும் பறையையும் ஒன்றாக நினைத்தால் கணக்கு 40 மடங்கு பிசகும்; இங்கே 100 மடங்கு பிசகுகிறது. குறைவாகச் சேர்த்தவனே பத்து ஹோமர், 2,200 லிட்டர், சேர்த்தான். வீட்டு மாடியில் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிறைந்து மேலும் வழியும். பேராசை என்று அந்த அதிகாரம் கண்டிப்பதன் கனம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. "பத்து ஓமர்" என்று 22 லிட்டராக வாசித்தால் அந்தக் கண்டிப்பே விளங்காமல் போய்விடும்.

மொத்தம் எத்தனை பேர்? தினமும் எவ்வளவு மன்னா விழுந்திருக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், குழித்துறை

யாத்திராகமம் 12:37 ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் என்கிறது. எண்ணாகமம் 1:46-இல் போருக்குத் தகுந்தவர்கள் 6,03,550. பெண்கள், பிள்ளைகள், முதியவர்களையும் சேர்த்து 20 லட்சம் என்பது வழக்கமான கணிப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டம் 18,70,374 பேர். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை உள்ள அத்தனை பேரும் கூடாரம் போட்டுத் தங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். 2.2 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 44 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரிகள் 440. "ஆயிரம்" என்று மொழிபெயர்க்கப்படும் "எலெஃப்" என்ற எபிரெயச் சொல்லுக்குக் குலம், படைப்பிரிவு என்ற பொருளும் உண்டு, ஆகவே எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்கு எண்ணாகமம் 1-ஆம் அதிகாரத்தின் கூட்டல் கணக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை.

மன்னா என்பது ஏதோ பூச்சியின் எச்சம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா?
– ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, குலசேகரம்

பாதி உண்மை. சீனாய்ப் பகுதியில் தமரிஸ்க் என்ற மரம் வளர்கிறது. சவுக்கைப் போல மெல்லிய இலை, குட்டையான மரம். அதில் மாவுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூச்சி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தின் போடன்ஹைமர், தியோடர் என்ற இரு ஆய்வாளர்கள் 1927-இல் நேரில் போய் ஆராய்ந்து, அங்குள்ள நாடோடி அரபிகள் "மன்" என்று பொறுக்கும் இனிப்புத் துளி மரத்திலிருந்து தானாக வடிவதல்ல, இந்தப் பூச்சி வெளியேற்றுவது என்று உறுதிசெய்தார்கள்.

பூச்சி ஏன் இனிப்பைக் கழிக்கிறது? மரச்சாற்றில் சர்க்கரை அதிகம், பூச்சி வளரத் தேவையான நைட்ரஜன் மிகக் குறைவு. தேவையான நைட்ரஜன் கிடைக்கும்வரை அது சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். மிஞ்சும் சர்க்கரை பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியே வரும். இதைப் பார்க்கச் சீனாய்க்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கொய்யாவிலோ செம்பருத்தியிலோ வெள்ளைப் பஞ்சு ஒட்டினது போல மாவுப்பூச்சி பிடித்திருக்கும் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் கீழே உள்ள இலையைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும். எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருக்கும். சில நாளில் அந்த இலை கரி பூசினது போலக் கறுக்கும். சர்க்கரையின் மேல் வளரும் கரும்பூசணம் அது. நம் காற்றில் ஈரம் அதிகம், அதனால் துளி உலராமல் பசையாகவே நிற்கிறது. பாலைவனத்தில் அதே துளி இரவிலேயே உலர்ந்து மணியாகி உதிர்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வேதத்தோடு பொருந்துபவை: சிறிய உருண்டை, தேன் இனிப்பு, அதிகாலையில் பொறுக்கவேண்டிய அவசரம். வெயில் ஏறினால் எறும்பு தூக்கிப்போய்விடும்.

பொருந்தாதவை இதைவிட அதிகம். இந்தத் துளி ஜூனை ஒட்டிச் சில வாரங்கள்தான் கிடைக்கும். யாத்திராகமம் சொல்வது நாள்தோறும், 40 வருடம். இது ஏறக்குறைய வெறும் சர்க்கரை, எளிதில் கெடாது. மன்னாவோ மறுநாள் காலையில் புழுத்து நாறியது. சர்க்கரையை இடித்து அப்பம் சுட முடியாது. ஆறாம் நாள் இரட்டிப்பாகவும் ஏழாம் நாள் இல்லாமலும் போக எந்தப் பூச்சிக்கும் நாட்காட்டி தெரியாது. இரண்டாம் கேள்வியின் 44 லட்சம் லிட்டரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கருத்து: மன்னா என்ற பெயரும் உவமையும் அந்த நிலத்து மக்கள் கண்டறிந்த பொருளோடு ஒட்டியிருக்கலாம்; அந்த அதிகாரம் விவரிக்கும் உணவு அதுதான் என்று சொன்னால் பாதி வசனங்களை அடித்துவிட வேண்டியிருக்கும்.

நீங்கள் நிற்கும் தோட்டத்திலேயே இன்னொன்று உண்டு. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளந்தளிர் விரியும் பருவத்தில் இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகள் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. அங்கே பூச்சியின் வேலை இல்லை, மரமே சுரக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குர்ஆனில் வரும் "மன்னு ஸல்வா" இதுதானா?
– வாசகர், தக்கலை

ஆம். அல்பகரா 57, அல்அஃராஃப் 160, தாஹா 80 ஆகிய மூன்று இடங்களில் இஸ்ரவேலருக்கு இறக்கப்பட்ட உணவாக இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஸல்வா என்பதைக் காடை என்றே உரையாசிரியர்கள் பெரும்பாலும் விளக்குகிறார்கள். மன்னாவுக்கு எபிரெயத்தில் "மான்", காடைக்கு "ஸெலாவ்". ஒலியிலேயே உறவு தெரிகிறது.

"இரண்டு முழ உயரம்" என்றால் காடை இடுப்பளவு குவிந்து கிடந்ததா? அப்படிக் கிடந்தால் அடியில் உள்ளது அழுகிவிடாதா? இப்போது கடையில் கிடைக்கும் காடையைச் சாப்பிட்டால் ஆபத்து உண்டா?
– மீன்பிடித் தொழிலாளி, முட்டம்

மீனைக் கையாளுகிறவருக்குத்தான் இரண்டாம் கேள்வி தோன்றும்.

முதலில் உயரம். எண்ணாகமம் 11:31-இன் எபிரெய வாக்கியம் "தரையின் முகத்தின்மேல் இரண்டு முழம்" என்று மட்டும் நிற்கிறது. குவிந்து கிடந்தன என்றோ பறந்தன என்றோ வினைச்சொல் இல்லை. லத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பு, தரைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் பறந்தன என்று எடுத்துக்கொண்டது. இரண்டு முழம் சுமார் 90 சென்டிமீட்டர். காடையின் இயல்பைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாசிப்பே பொருத்தமாகத் தோன்றும். நூறு கிராம் எடையுள்ள பறவை, குட்டைச் சிறகு. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே ஐரோப்பாவுக்கும், இலையுதிர்காலத்தில் திரும்பித் தெற்கேயும் வலசை போகிறது. காற்று முதுகில் தள்ளினால் பறக்கும், எதிர்த்தால் தாழ இறங்கிவிடும். கடலைக் கடந்து கரை சேரும்போது களைத்துப்போய் கையால் பிடிக்கும் நிலையில் கிடக்கும். வட சீனாய்க் கடற்கரையில் இலையுதிர்காலந்தோறும் வலை கட்டி அவற்றைப் பிடித்துவந்தார்கள்.

மாதமும் பொருந்துகிறது. யாத்திராகமம் 16-இல் காடை வந்தது இரண்டாம் மாதம் 15-ஆம் தேதியை ஒட்டி. எண்ணாகமத்தில் அவர்கள் சீனாயை விட்டுப் புறப்பட்டது அடுத்த வருடம் இரண்டாம் மாதம் 20-ஆம் தேதி. மூன்று நாள் பயணத்துக்குப் பின் 11-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. இரண்டுமே வசந்தம், வடக்கே போகும் பருவம். சங்கீதம் 78:26 கீழ்க்காற்றையும் தென்றலையும் சொல்கிறது. நமக்குத் தென்றல் என்றால் மேனியை வருடுவது. அங்கே தென்திசைக் காற்று வடக்கே போகும் பறவையை முதுகில் தள்ளிக்கொண்டு வருவது.

அழுகல் பற்றி. பாளயத்தைச் சுற்றி அவர்கள் செய்ததைக் "குவித்தார்கள்" என்று படித்தால் உங்கள் கேள்விக்குப் பதிலே கிடையாது. எபிரெய வினை "ஷாதஹ்", விரித்தல். எசேக்கியேல் 26:5-இல் தீரு பட்டணம் "வலைகளை விரிக்கிற இடமாகும்" என்று வரும் இடத்திலும் இதே வேர்ச்சொல்தான். உங்கள் கடற்கரையில் நெத்திலி காய்வது போல ஒற்றை அடுக்காகப் பரப்பி வெயிலில் உலர்த்தினார்கள் என்று புரிந்துகொள்ளலாம். எகிப்தியர் காடையை உப்பிட்டுப் பச்சையாகவே தின்றார்கள் என்று எரோதோத்து எழுதியிருக்கிறார். அங்கிருந்து வந்தவர்களுக்குப் பறவையைப் பதப்படுத்துவது புதிதல்ல. பாலைக்காற்று வறண்டது, சிறு பறவையின் சதை மெல்லியது. அடுக்காமல் பரப்பினால் காயும். நம் கடற்கரையில் மேகம் மூடிய நாளில் காயவைத்த மீன் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் விஷயம். காடை இறைச்சி பற்களுக்கிடையே இருக்கும்போதே வாதை வந்தது என்று எண்ணாகமம் 11:33 சொல்கிறது; அந்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா, இச்சையின் கல்லறைகள், என்று பெயர் வந்தது. வலசைக் காடையைத் தின்ற சிலருக்குச் சில மணி நேரத்தில் கடுமையான தசைவலியும், தசை சிதைந்து சிறுநீர் கறுத்துச் சிறுநீரகப் பாதிப்பும் வருவதை மருத்துவ உலகம் அறியும். பறவை வழியில் தின்ற நச்சு விதைகளே காரணமாக இருக்கலாம் என்பது பழைய ஊகம். ஆனால் அது மணிக்கணக்கில் வருவது. வசனம் சொல்வது உடனே வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பிரசங்கிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். கடையில் விற்கும் காடை பண்ணையில் தீவனம் போட்டு வளர்க்கும் ஜப்பானியக் காடை. அது வலசை போவதில்லை. நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம்.

எகிப்தை விட்டு வரும்போது ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டுதானே வந்தார்கள்? அவற்றை அடித்துச் சாப்பிடாமல் ஏன் இறைச்சிக்கு அழுதார்கள்?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

யாத்திராகமம் 12:38 மிகுதியான ஆடுமாடுகள் வந்ததாகச் சொல்கிறது. ஆனால் கறவையை அடிக்கிற வீடு எத்தனை நாள் சாப்பிடும்? மந்தை அவர்களுக்குப் பால், கம்பளி, பலி, நாளைய கன்று எல்லாமே. மோசேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார் (எண்ணாகமம் 11:21-22): ஆறு லட்சம் காலாட்களுக்கு ஒரு மாதம் இறைச்சி, ஆடுமாடுகளை அடித்தாலும் போதுமா, கடலின் மீனையெல்லாம் சேர்த்தாலும் போதுமா? நாமும் போடலாம். 20 லட்சம் பேர், தலைக்கு நூறு கிராம், நாளொன்றுக்கு இரண்டு லட்சம் கிலோ. ஒரு ஆட்டில் பத்துக் கிலோ கறி என்றால் தினம் இருபதாயிரம் ஆடுகள், மாதத்தில் ஆறு லட்சம். வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரம் எழுந்தபின் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது: பாளயத்தில் ஆடோ மாடோ அடித்தால் அதைக் கூடாரவாசலுக்குக் கொண்டுவர வேண்டும் (லேவியராகமம் 17:3-4).

அந்த முறையீட்டின் சொற்களையும் கவனியுங்கள். யாத்திராகமம் 16:3-இல் இறைச்சிப் பாத்திரங்களின் அருகே "உட்கார்ந்தோம்", அப்பத்தைத் திருப்தியாகச் "சாப்பிட்டோம்" என்கிறார்கள். பானையில் இருந்த இறைச்சி யார் வாய்க்குப் போனது என்று சொல்லவில்லை. எண்ணாகமம் 11:5-இல் நினைவுகூரும் பட்டியலில் மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு இருக்கின்றன, ஆட்டுக்கறி இல்லை. அடிமைகளின் சாப்பாடு அதுதான். பசி பழையதை ருசியாக்கிக் காட்டுகிறது.

மன்னா அவரவர் நினைத்த ருசியில் இருக்கும் என்று பாட்டி சொல்வார். சபையில் கேட்டால் அப்படி வசனமே இல்லை என்கிறார்கள்.
– வாசகி, புதுக்கடை

பாட்டி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கலாம். சாலமோனின் ஞானம் 16:20-21-இல் உண்பவரின் விருப்பத்துக்கேற்பச் சுவை மாறியதாக வருகிறது. அந்த நூல் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. இருவர் சொல்வதும் சரி. மற்றபடி யாத்திராகமத்தில் தேனிட்ட பணியாரம், எண்ணாகமத்தில் புது ஒலிவ எண்ணெய் என்று இரண்டு சுவைகள் உள்ளன. முன்னது எடுத்தபடியே தின்றபோது, பின்னது இடித்துச் சமைத்தபின் என்று சிலர் பிரிப்பார்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் மன்னா பாடத்துக்குப் பிள்ளைகள் பொறுக்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஏதாவது செய்ய வேண்டும். 60 பிள்ளைகள். போன வருடம் தேன் சேர்த்து மாவு பிசைந்து சுட்டோம், எல்லாம் கருகிவிட்டது. நாடகத்துக்குத் திருகை வாங்கலாமா?
– ஆசிரியர் குழு, மார்த்தாண்டம்

பொறுக்குவதற்கு ஜவ்வரிசி. கொத்துமல்லி உவமை அளவுக்குத்தான், நிறத்துக்கு அல்ல. மன்னா வெள்ளை என்று அதே வசனம் (யாத்திராகமம் 16:31) தனியாகச் சொல்கிறது. கொத்துமல்லி விதை 3 முதல் 5 மில்லிமீட்டர். பெரிய ஜவ்வரிசி ஏறக்குறைய அதே பருமன். கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசி வேண்டாம், வெள்ளையாக இருக்கும் மாவு ஜவ்வரிசி வாங்குங்கள். தரையில் கொட்டினால் எறும்பும் கோழியும் முந்திக்கொள்ளும், திரும்பச் சமைக்கவும் முடியாது. கறுப்புத் தார்ப்பாயைக் கழுவி விரித்து அதன்மேல் தூவுங்கள். பனி வேண்டுமென்று தண்ணீர் தெளிக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் பசையாகிவிடும். முழு ஓமருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரு முழு ஓமர் காட்டிவிட்டு, பொறுக்குவதற்கு 200 மில்லி டம்ளரை வையுங்கள். பேராசை பிடித்த பிள்ளை எல்லார் டம்ளரையும் நிறைக்கும், அதுவும் பாடத்துக்கு உதவும்.

சாப்பிடுவதற்கு: தமிழில் பணியாரம் என்று வந்தாலும் எபிரெயச் சொல் தட்டையான மெல்லிய அடையைக் குறிப்பது. குழிப்பணியாரச் சட்டியை எடுக்காதீர்கள். 200 கிராம் கோதுமை மாவு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது ஒலிவ எண்ணெய், 120 மில்லி தண்ணீர். ஈஸ்டும் சோடாவும் வேண்டாம். பிசைந்து அரைமணி நேரம் மூடி வைத்தால் மாவு இழுபடும். வைக்காவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். 20 கிராம் உருண்டைகள் 16 வரும். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, சூடான தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இருபுறமும் புள்ளி விழும்வரை சுடுங்கள். 60 பேருக்கு 800 கிராம் மாவு. 64 வரும், நான்கு கருகினாலும் கவலையில்லை.

போன வருடத் தவறு தேன் சேர்த்த நேரம். தேனின் சர்க்கரை மாவு உள்ளே வேகுமுன்பே கல்லில் பட்டுக் கறுக்கும். கல்லிலிருந்து இறக்கியபின் தடவுங்கள்: 16 அடைக்கு 50 மில்லி தேன், ஒரு தேக்கரண்டி வெந்நீர் சேர்த்து இளக்கியது. மார்த்தாண்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் ரப்பர்த் தேன், சீக்கிரம் உறைந்து சர்க்கரை கட்டும். அது கலப்படத்தின் அடையாளம் என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். கொதிக்கவைத்தால் மணம் போய்விடும். ஒரு வயது நிறையாத தம்பி தங்கைகளுக்குத் தேன் கொடுக்கவே கூடாது. ஆசிரியர்கள் இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது.

திருகை வேண்டாம். கைப்பிடி பிடித்துச் சுற்றும் வட்டக்கல் அந்த நாட்டுக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. மோசே காலத்தில் அரைத்தது நீளமான அடிக்கல்லின்மேல் மேல்கல்லை முன்னும் பின்னும் தள்ளி. நம் வீட்டு அம்மியும் குழவியும் அதற்கு நெருக்கம். உரலும் எண்ணாகமம் 11:8-இல் உண்டு. பழைய அம்மி வீட்டில் இல்லையென்றால் மயிலாடியில் கல் கொத்துகிறவர்களிடம் சிறியது கேட்டுப் பாருங்கள். வெயிலில் உருகுகிற மன்னாவை எப்படி இடிக்க முடியும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கருப்பட்டியைக் காட்டுங்கள். உரலில் தூளாக இடிபடும், ஐப்பசி மழையில் பானைக்குள்ளேயே இளகும்.

வேதாகம வினாடிவினாவில் "மன்னா எத்தனை வருடம் விழுந்தது?" என்று கேட்டார்கள். 40 என்றோம். நடுவர் 39 வருடம் 11 மாதம் என்றார். யார் சரி?
– வாலிபர் ஐக்கியம், இரணியல்

நாள் கணக்கில் நடுவர், எழுத்தின்படி நீங்கள். எகிப்திலிருந்து புறப்பட்டது முதல் மாதம் 15 (எண்ணாகமம் 33:3). மன்னா தொடங்கியது இரண்டாம் மாதம் 15-க்குப் பின் வந்த காலை. நின்றது கானான் நாட்டுக் கில்காலில்: முதல் மாதம் 14-இல் பஸ்கா பண்டிகை, மறுநாள் அந்நாட்டின் விளைச்சலைத் தின்றார்கள், அதற்கு மறுநாள் மன்னா ஒழிந்தது (யோசுவா 5:10-12). அது புறப்பட்டதிலிருந்து 40 வருடம் நிறைந்த மறுநாள். மன்னா ஒரு மாதம் தாமதமாகத் தொடங்கியதால் அந்த ஒரு மாதம் குறைகிறது. ஆனால் யாத்திராகமம் 16:35 "நாற்பது வருஷம்" என்றே எழுதியிருக்கிறது. கேள்வி வேதத்திலிருந்து என்றால் 40-க்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். அரை மதிப்பெண் என்று நடுவர் பேரம் பேசினால் வசனத்தைத் திறந்து காட்டுங்கள்.